பழகிப் பார்த்துச் சொல்கிறேன்

புதுத் துண்டு தண்ணீரை உறிஞ்சாது. நூலில் ஏற்றிய கஞ்சி போகும்வரை ஈரத்தின் மேல் வழுக்கிக்கொண்டே இருக்கும். புதுத் தோசைக்கல்லில் தோசை பிய்ந்துதான் வரும். புதுக் கல்சட்டியை வாங்கி வந்த கையோடு பெரிய தீயில் ஏற்றினால் விரிசல் விட்டுவிடும். வீட்டில் காலத்துக்கும் உழைக்கிற பல பொருள்கள் முதல் நாள் சோதனையில் தோற்றுப்போகிறவை. முதல் நாளில் மனதைக் கவர்கிற பொருள்களோ வேறு ரகம். வழுக்கி விழும் தோசை தருகிற நான்ஸ்டிக் கல், பளபளக்கும் செயற்கை இழை ஜமக்காளம், கை நிறைய நுரை தள்ளும் சோப்பு என்று அவை எல்லாமே கடையிலேயே நம்மை ஜெயித்துவிடுகின்றன.

இன்றைக்கு நமக்கு வந்து சேரும் பரிந்துரைகளில் பெரும்பாலானவை பெட்டி பிரித்த அன்றே சொல்லப்படுபவை. மிக்ஸியோ புத்தகமோ கைவினைப் பொருளோ, கையில் எடுத்து, கேமராவுக்குக் காட்டி, அருமை என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். அதைச் சொன்னவருக்கு யார் காசு கொடுத்தார்கள் என்பது நமக்குத் தெரிய வேண்டும் என்று அரசும் யோசித்திருக்கிறது. 2022 ஜூனில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தவறான விளம்பரங்களையும் பரிந்துரைகளையும் தடுக்க நெறிமுறைகள் கொண்டுவந்தது. 2023 ஜனவரியில், காசோ இலவசப் பொருளோ வாங்கிக்கொண்டு பரிந்துரைப்பவர்கள் அதைத் தெளிவாக, எளிய மொழியில் சொல்ல வேண்டும் என்று தனியாக ஒரு விளக்கமும் வந்தது. இணைய விமர்சனங்களை எப்படித் திரட்ட வேண்டும், எப்படி வெளியிட வேண்டும் என்பதற்கு இந்தியத் தர நிர்ணய அமைவனம் ஐ.எஸ். 19000 என்ற தரத்தையும் 2022 நவம்பரில் வெளியிட்டது. எல்லாம் தேவையானவைதான். ஆனால், காசு வாங்காமல் நேர்மையாகச் சொல்பவரும் ஒரே நாள் பார்த்துவிட்டுச் சொன்னால், அந்த நேர்மையால் நமக்கு என்ன பயன்?

அதனால் இந்தக் கட்டுரைக்கு ஒரு விதி வைத்துக்கொண்டேன். காசு கொடுத்து வாங்கி, புழங்கி, கழுவி, தேய்ந்த பிறகும் வீட்டில் இருக்க வேண்டும் என்று தோன்றுகிற பொருளைத்தான் பரிந்துரைப்பேன். கூடவே ஒரு கேள்வி: கெட்டால் சரிசெய்ய ஆள் உண்டா? இந்தக் கேள்விக்குப் பதில் இருக்கிற பொருளுக்கு முதல் இடம்.

அடுப்படியில்

தோசைக்கல்லில் இருந்துதான் தொடங்க வேண்டும். கடையில் இரண்டு வகை கிடைக்கும். ஒன்று இரும்புத் தகட்டை வெட்டிச் செய்தது. மெலிதாக இருக்கும், சீக்கிரம் காயும், சீக்கிரம் ஆறும், நாளடைவில் நெளியும். இன்னொன்று உருக்கி வார்த்த வார்ப்பிரும்பு. கனம் அதிகம், காய நேரமாகும், ஆனால் ஒருமுறை காய்ந்தால் சூடு கல் முழுவதும் நின்று தோசை ஓரம்வரை ஒரே சிவப்பில் வரும். என் பரிந்துரை வார்ப்பிரும்புதான். மணிக்கட்டு வலி உள்ளவர்கள் மட்டும் தகட்டுக் கல்லையே வைத்துக்கொள்ளலாம். கனத்தைத் தூக்க முடியாமல் பரணில் போடுவதில் அர்த்தமில்லை.

வாங்கும்போது கல்லைச் சமதரையில் வைத்துப் பாருங்கள். ஆடினால் வேண்டாம். விரல் முட்டியால் தட்டினால் தெளிவான ஓசை வர வேண்டும். சத்தம் அடைத்தாற்போல் இருந்தால் உள்ளே விரிசல் இருக்கலாம். வெள்ளைத் துணியால் அழுத்தித் துடைத்துப் பாருங்கள். கருப்புச் சாயம் பெயிண்ட்போல ஒட்டிக்கொண்டு வந்தால் அந்தக் கல்லை வைத்துவிட்டு வந்துவிடுங்கள். மேற்பரப்பு கொஞ்சம் சொரசொரப்பாக இருப்பது குறையில்லை. கடைசல் பிடித்து வழவழப்பாக்கிய கல் விலை கூடுதல். சீக்கிரம் பழகும், அவ்வளவுதான் வித்தியாசம்.

பழக்குவதற்கு ஒவ்வொரு வீட்டிலும் ஒரு முறை உண்டு. எனக்குச் சரியாக வருவது இது: கழுவித் துடைத்த கல்லில் வடிகஞ்சியை ஊற்றி இரவெல்லாம் வைத்து, காலையில் தேய்த்துக் கழுவி, ஈரம் போகக் காயவைத்து, நல்லெண்ணெய் தடவிச் சிறு தீயில் சூடேற்றி ஆறவிட வேண்டும். கஞ்சித் தண்ணீர் கறுத்து வருவது நிற்கும்வரை சில நாள்கள் இதைத் தொடர வேண்டும். பிறகு குறுக்கே வெட்டிய வெங்காயத்தை எண்ணெயில் தொட்டுச் சூடான கல்லில் அழுத்தித் தேய்த்தால், எண்ணெய் மெல்லிய படலமாக இரும்போடு ஒட்டிக்கொள்ளும். தோசை ஒட்டாமல் வருவது அந்தப் படலத்தால்தான். சூட்டில் எண்ணெய் இறுகி, கெட்டியான பூச்சாக மாறிவிடுகிறது. சோப்புப் போட்டுக் கம்பி நாரால் தேய்த்தால் அது போய்விடும். அதே கல்லில் சப்பாத்தி போட்டாலும் போய்விடும். எண்ணெயில்லாத உலர்ந்த சூட்டில் படலம் கருகிவிடும். தோசைக்கு ஒரு கல், சப்பாத்திக்கு ஒரு கல் என்று பெரியவர்கள் பிரித்து வைத்ததில் நியாயம் இருக்கிறது. காய்ந்த கல்லைக் குழாயடியில் காட்டாதீர்கள். வார்ப்பிரும்பு திடீர்க் குளிர்ச்சியில் வெடிக்கும்.

இந்தக் கல்லில் எனக்குப் பிடித்ததே, கெட்டுப்போவது என்று ஒன்று இதற்கு இல்லை என்பதுதான். துருப்பிடித்தால் தேய்த்தெடுத்து மறுபடி பழக்கலாம். நான்ஸ்டிக் கல்லுக்கு அந்த வாய்ப்பு இல்லை. அதன் மேல்பூச்சு ஏறக்குறைய 260 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் சிதையத் தொடங்கும். வெறும் கல்லைப் பெரிய தீயில் வைத்துவிட்டு சட்னி அரைக்கப் போனால் அந்தச் சூடு எளிதாக வந்துவிடும். பூச்சு உரிந்த பிறகு அதைத் தூக்கிப் போடத்தான் வேண்டும். முட்டை, பன்னீர் என்று மிதமான தீயில் செய்கிறவற்றுக்கு நான்ஸ்டிக்கை வைத்துக்கொள்ளுங்கள். தோசைக்கு வேண்டாம்.

கல்சட்டி பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். சேலம் பக்கம் மாக்கல்லில் கடைந்து செய்வது. புதிதாக இருக்கும்போது வெளிர் சாம்பல் நிறம். எண்ணெய் குடிக்கக் குடிக்கக் கறுக்கும். மஞ்சளும் விளக்கெண்ணெயும் குழைத்து உள்ளும் புறமும் பூசி ஊறவைத்து, பின்னர் வெதுவெதுப்பான கஞ்சித் தண்ணீரை ஊற்றி ஊற்றிப் பழக்க வேண்டும். கஞ்சியின் சூட்டை ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கூட்டிக்கொண்டே போய், கடைசியாகத்தான் அடுப்பில், அதுவும் சிறு தீயில். இத்தனை பாடும் எதற்கு என்றால், வத்தக்குழம்புக்காக. புளி கல்லை ஒன்றும் செய்யாது. இரும்பிலோ ஈயம் பூசாத பித்தளையிலோ புளிக்குழம்பு சுவை மாறும், கல்சட்டியில் மாறாது. அடுப்பை அணைத்த பிறகும் குழம்பு தளதளவென்று கொதித்துக்கொண்டே இருக்கும் என்பதால், வழக்கத்தைவிட முன்பே இறக்கிவிட வேண்டும். இதை ஒருமுறை புரிந்துகொண்டால் கேஸும் மிச்சம். இன்டக்‌ஷன் அடுப்பில் மட்டும் வேலை செய்யாது. கை தவறினால் உடைந்துவிடும். உடைந்த கல்சட்டியைச் சரிசெய்ய வழியில்லை. தெரிந்தே வாங்குங்கள். சிறிய அளவில் ஒன்று போதும், பெரியதைத் தூக்கிக் கழுவுவது சிரமம்.

ஈயச் சொம்பு விஷயத்தில் மட்டும் நான் கறார். ஈயச் சொம்பு ரசத்தின் மணம் எனக்கும் பிடிக்கும். வெள்ளீயம் 232 டிகிரியிலேயே உருகிவிடும் என்பதால் புளித்தண்ணீரை ஊற்றிய பிறகே அடுப்பில் ஏற்ற வேண்டும் என்பது எல்லா வீட்டிலும் தெரிந்த பாடம். ஆனால் பெரிய ஆபத்து அதில் இல்லை. சொம்பில் காரீயம் கலந்திருக்கிறதா என்று கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. காரீயம் உடம்பில் சேரும், குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். ஆய்வுக்கூடச் சான்று காட்ட முடியாத கடையில் ஈயச் சொம்பு வாங்காதீர்கள். ரசம் பாத்திரத்துக்காக அல்ல, பெருங்காயத்துக்கும் சீரகத்துக்கும் மணக்கட்டும்.

பித்தளைப் பாத்திரங்களுக்கு இன்னும் ஈயம் பூசுகிறவர்கள் சில ஊர்களில் தெருவோடு வருகிறார்கள். பாத்திரத்தைச் சூடேற்றி, நவச்சாரப் பொடி தூவி, வெள்ளீயத்தை உருகவிட்டுப் பஞ்சால் ஒரே வீச்சில் உள்ளெங்கும் துடைத்துவிடுவார்கள். பூச்சு போன பித்தளையில் புளிப்பு பட்டால் களிம்பு ஏறும், வயிற்றைப் பிரட்டும். பரணில் இருக்கும் பாட்டியின் பித்தளை அண்டாவை எடைக்குப் போடுவதற்கு முன்பு, உங்கள் ஊர்ப் பாத்திரக் கடையில் ஈயம் பூசுகிறவர் யார் என்று கேட்டுப் பாருங்கள்.

அரைப்பதற்கு, மிக்ஸி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் இட்லி மாவுக்குக் கல் பூட்டிய கிரைண்டர்தான். புவிசார் குறியீடு பெற்ற கோயம்புத்தூர் கிரைண்டரைப் பற்றித் தமிழர்களுக்குப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. சோதனை முறையை மட்டும் சொல்கிறேன். மிக்ஸியின் பிளேடு வேகத்தில் மாவு சூடாகும். கல் மெதுவாகச் சுழல்வதால் சூடு ஏறாது, உளுந்து பந்து பந்தாகப் பொங்கி வரும். அரைத்த உளுந்தில் ஒரு சொட்டை எடுத்துத் தண்ணீரில் விடுங்கள். மிதந்தால் பதம் சரி. புதிய கிரைண்டர் வாங்கியதும் இதைச் செய்து பாருங்கள், பழைய கிரைண்டரிலும் செய்து பாருங்கள். பழையதில் சொட்டு மூழ்கினால், உடனே புது மெஷினுக்குப் போக வேண்டாம். பெல்ட் தளர்ந்திருக்கலாம், கல் மழுங்கியிருக்கலாம். பெல்ட் மாற்றவும் கல் கொத்தவும் ஆள் இருக்கிறார்கள். நான் கிரைண்டரைப் பரிந்துரைக்கும் காரணங்களில் இதுவும் ஒன்று.

அட்டையைத் திருப்பிப் படியுங்கள்

சில பொருள்களைப் புழங்கிப் பார்த்து அறிய முடியாது. வெடிக்கக்கூடிய குக்கரை அப்படிச் சோதிக்க யாருக்கும் துணிச்சல் வராது, வரவும் கூடாது. அங்கே முத்திரைதான் துணை. வீட்டு உபயோக பிரஷர் குக்கருக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம் என்று 2020-ல் ஆணை வந்து, 2021 பிப்ரவரி முதல் நடைமுறையில் இருக்கிறது. அப்படியும் முத்திரை இல்லாத குக்கர்கள் இணையத்தில் விற்கப்பட்டு, 2022-ல் பெரிய விற்பனைத் தளங்களுக்கு நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தலா 1 லட்சம் ரூபாய் அபராதம் போட்டது. முத்திரையின் மேலே ஐ.எஸ். 2347 என்ற தர எண்ணும், கீழே சி.எம்./எல். என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்கும். அந்த உரிம எண்ணைத் தர நிர்ணய அமைவனத்தின் 'பி.ஐ.எஸ். கேர்' செயலியில் போட்டால் உண்மையா என்று தெரிந்துவிடும். கடையில் நின்றபடியே செய்யலாம். கேஸ்கட்டும் சேஃப்டி வால்வும் அந்த நிறுவனத்தின் அசலாகவே இருக்கட்டும்; பெட்டிக்கடை ரப்பர் வேண்டாம்.

சோப்பு உறையில் எல்லாரும் மணத்தைப் பார்க்கிறார்கள். நீங்கள் டி.எஃப்.எம். என்ற எழுத்துகளைத் தேடுங்கள். சோப்பில் உள்ள மொத்தக் கொழுப்புப் பொருளின் அளவு அது. 76 சதவிகிதமும் அதற்கு மேலும் இருந்தால் முதல் தரம், 70 இரண்டாம் தரம், 60 மூன்றாம் தரம். உறையில் 'பேதிங் பார்' என்று அச்சிட்டிருந்தால் அது சோப்புக் கணக்கிலேயே வராது. அதற்கு 40 சதவிகிதம் இருந்தாலே போதும். குளித்ததும் தோல் வெளுத்து இழுக்கிறது என்பவர்கள், விலை கூடிய கிரீம் வாங்குவதற்கு முன்பு சோப்பு உறையை ஒருமுறை படிக்க வேண்டும். நம் ஊரில் பல ஆண்டுகளாக விற்கும் சாதாரண விலை சோப்புகள் சில முதல் தரத்தில் இருக்கின்றன. விளம்பரத்தில் வெண்ணெயாகக் குழைகிற சில, பேதிங் பார்.

மின்விசிறியும் இந்த வரிசையில்தான். பழைய சீலிங் ஃபேன் 75 வாட் அளவில் இழுக்கும்; பி.எல்.டி.சி. மோட்டார் விசிறி 30 வாட் அளவில் முடித்துவிடும். ஒரு நாளைக்கு 12 மணி நேரம் ஓடினால், இரண்டு மாத மின்கணக்கில் ஒரு விசிறிக்கே சுமார் 32 யூனிட் குறையும். முதல் 100 யூனிட் இலவசம் என்கிற நம் மாநிலத்தில், எந்த அடுக்கில் கட்டணம் கட்டுகிறீர்கள் என்பதைப் பொறுத்து இந்த 32 யூனிட்டின் மதிப்பு மாறும். ஆனால் சர்க்யூட் போர்டு கெட்டால் தெருமுனை வைண்டிங் கடையில் சரிசெய்ய மாட்டார்கள். உத்தரவாதக் காலத்தையும், உங்கள் ஊரில் சர்வீஸ் உண்டா என்பதையும் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

தரையில் விரிக்க

பவானி ஜமக்காளம் பற்றி எழுதும்போது எனக்குக் கொஞ்சம் கோபம் வரும். காவிரியும் பவானியும் கூடுகிற ஊரில், குழித்தறியில் உட்கார்ந்து நெய்கிற விரிப்பு அது. தடித்த பருத்தி நூலை ஊடையாகக் கொடுத்து இறுக்கி அடிப்பதால், பாவு நூல் வெளியே தெரியாமல் மூடிக்கொள்ளும். பட்டை பட்டையாகத் தெரியும் நிறமெல்லாம் ஊடை நூலின் நிறம். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும், திருப்பிப் போட்டாலும் முகம்தான். பந்தி விரிக்கவும் கூட்டத்துக்கு விரிக்கவும் கல்யாண வீடுகளில் தலைமுறை தாண்டிக் கிடந்தது. புவிசார் குறியீடும் இருக்கிறது. 1985-ஆம் ஆண்டுச் சட்டப்படி கைத்தறிக்கென்று இப்போது ஒதுக்கப்பட்டிருக்கும் 11 வகைப் பொருள்களில் ஜமக்காளமும் ஒன்று. இருந்தும் விசைத்தறியில் செயற்கை இழையில் நெய்த விரிப்பை 'பவானி' என்று பெயர் சொல்லி விற்கிறார்கள். விலை பாதிதான். வாங்குகிறவர் ஏமாறுவது ஒரு பக்கம்; குழித்தறியில் நாள் முழுக்கக் கால் மிதித்தவரின் கூலி அடிபடுவது இன்னொரு பக்கம். இந்த இரண்டாவதைத்தான் என்னால் ஏற்க முடிவதில்லை.

போலியைக் கண்டுபிடிக்க ஒரு சோதனை உண்டு. விளிம்பில் தொங்கும் நூலில் ஒரு இழையை வாங்கி நெருப்பில் காட்டுங்கள். பருத்தி என்றால் காகிதம் எரிகிற வாசம் வரும், சாம்பல் விரலில் பொடியாகும். பாலியெஸ்டர் என்றால் சுருங்கி உருகி, ஆறியதும் கெட்டி மணியாக நிற்கும். கடைக்காரர் நூல் தர மறுத்தால் அதுவே பதில். ஈரத் துணியால் சிவப்புப் பட்டையின் மேல் தேய்த்துச் சாயம் ஒட்டுகிறதா என்றும் பாருங்கள். செயற்கை இழை விரிப்பில் இன்னொரு தொல்லை, அது தரையில் நிற்காது. குழந்தை ஓடினால் வழுக்கிக்கொண்டு போகும். பருத்தி ஜமக்காளம் கனத்தில் படிந்து கிடக்கும். வெயில் காலத்தில் அதன் மேல் படுத்தவர்களுக்கு நான் மேலே சொல்ல வேண்டியதில்லை.

துண்டு வாங்குகிறவர்களுக்கு ஈரிழைத் துண்டைச் சொல்வேன். கடையில் தொட்டால் முரடாக இருக்கும், விலையும் குறைவு என்பதால் பலர் ஒதுக்கிவிடுவார்கள். சில முறை அலசிக் கஞ்சி போன பிறகு அது உடம்பைத் துடைக்கிற விதமும், நம் மழைக்காலத்தில்கூடச் சட்டென்று காய்கிற விதமும் தடித்த டர்க்கி டவலுக்குக் கிடையாது. டர்க்கி டவல் ஈரம் பிடித்து வைத்துக்கொண்டு நாறும். 1935-ல் தொடங்கிய கோ-ஆப்டெக்ஸிலும் சர்வோதய சங்கக் கதர்க் கடைகளிலும் ஈரிழைத் துண்டு கிடைக்கும். தீபாவளித் தள்ளுபடியில் வீட்டுக்கு மொத்தமாக வாங்கி வைத்துவிடலாம்.

பாய்க்கு வருவோம். பத்தமடைப் பாயை, மடித்துச் சட்டைப்பையில் வைக்கலாம் போன்ற மெல்லிய பட்டுப் பாயாகவே நமக்குக் காட்டிப் பழக்கிவிட்டார்கள். மணமக்கள் பெயர் நெய்த கல்யாணப் பாய் அழகுதான். தாமிரபரணிக் கரையின் கோரையை ஊறவைத்து, மயிரிழையாகக் கீறி, பருத்திப் பாவில் கோத்து நெய்கிற அந்தக் கைத்திறனுக்கு விலை கூடத்தான் செய்யும். ஆனால் அன்றாடம் படுக்க அதை வாங்க வேண்டாம். அதே ஊரிலும், வந்தவாசிப் பக்கத்திலும் நெய்கிற சாதாரணக் கோரைப்பாய் போதும். பிளாஸ்டிக் பாய் முதுகில் வேர்த்து ஒட்டும். மொட்டைமாடி வெயிலில் ஓரிரு கோடையிலேயே நொறுங்கித் துண்டு துண்டாக உதிரும். கோரைப்பாய் வியர்வையை வாங்கிக்கொள்ளும். முகர்ந்து பார்த்து வாங்குங்கள்: காய்ந்த புல் வாசம் வர வேண்டும், பூஞ்சை வாசம் வந்தால் சரியாகக் காயாத கோரை. விளிம்பில் துணி வைத்துத் தைத்திருந்தால் ஓரம் பிரியாது. மடிக்காமல் சுருட்டி, நிமிர்த்தி வையுங்கள். மழையில் நனைந்தால் நிழலில் காற்றாட விடுங்கள்.

கூடைகள்

கைவினைப் பொருள் என்றதும் கண்ணாடி அலமாரிக்குள் வைப்பதையே நினைக்கிறோம். தமிழ்நாட்டில் அதிகம் பேர் கையால் செய்து, அதிகம் பேர் கையில் எடுத்துப் போகிற பொருள் வயர் கூடை என்பது என் துணிபு. சிவன் கண் கூடை, நெல்லிக்காய் முடிச்சு, பிஸ்கட் முடிச்சு என்று பின்னல்களுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள் நம் பெண்கள். சிவன் கண் பின்னலில் கண் கண்ணாக இடைவெளி இருக்கும்; கோயிலுக்கும் கைப்பைபோலவும் எடுத்துப்போக அழகு, உளுந்துப் பொட்டலம் கிழிந்தால் வழியெல்லாம் சிந்தும். மளிகைக்கும் காய்கறிக்கும் நெருக்கமான சாதா முடிச்சுக் கூடைதான் சரி. வாங்கும்போது கைப்பிடியைப் பாருங்கள். கைப்பிடி வயர் அடிப்பாகம்வரை இறங்கி வந்து பின்னலுக்குள் கோத்திருந்தால் பத்துக் கிலோ அரிசியும் தாங்கும். விளிம்போடு நின்றிருந்தால் நடுத்தெருவில் கைவிடும். கைப்பிடி அறுந்தால் பின்னியவரிடமே கொடுத்துப் புதிது போட்டுக்கொள்ளலாம். பக்கத்துத் தெருவிலேயே பின்னுகிறவர் இருப்பார். நிறத்தையும் அளவையும் சொல்லிச் செய்துகொள்ளுங்கள், பேரம் பேசாதீர்கள். ஒரு கூடைக்கு எத்தனை முடிச்சு என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் பேரம் பேச வாய் வராது.

பனையோலையில் செட்டிநாட்டுக் கொட்டானும், தூத்துக்குடி மாவட்டம் மணப்பாட்டில் செய்கிற ஓலைப் பெட்டிகளும் பரிசுக்கு நல்லவை. முறுக்கும் அதிரசமும் வைத்துக் கொடுக்கலாம். ஓலை ஈரத்துக்கு ஆகாது என்பதை மட்டும் நினைவில் வைத்து, அவ்வப்போது இளவெயில் காட்டுங்கள்.

மண்பானைக்கு மானாமதுரை. தட்டிப் பார்க்கிற சோதனை இங்கேயும் செல்லும். கடம் செய்கிற ஊர் அது, ஓசையைப் பற்றி அவர்களுக்கு நாம் சொல்லத் தேவையில்லை. சமையலுக்கு வாங்கும் சட்டியில் பளபளப்புப் பூச்சு இல்லாததாக எடுங்கள். பூச்சில் என்ன கலந்திருக்கிறது என்று யாரும் எழுதி ஒட்டுவதில்லை.

வீட்டில் இருக்க வேண்டிய புத்தகங்கள்

புத்தகத்தையும் புழங்குபொருளாக நினைத்தால் தேர்வு எளிதாகிறது. ஒருமுறை வாசித்து வைக்கிற புத்தகங்களை நூலகத்தில் எடுக்கலாம். அடிக்கடி கை போகிற புத்தகம் வீட்டில் இருக்க வேண்டும்.

முதலில் எஸ். மீனாக்ஷி அம்மாளின் 'சமைத்துப் பார்'. 1951-ல் முதல் பாகம் வந்தது. அடிக்கடி சமையல் குறிப்பு கேட்டவர்களுக்கு எழுதி எழுதிக் கொடுத்தவரை, நீயே புத்தகமாகப் போட்டுவிடு என்று தூண்டியவர் அவருடைய உறவினர் ஒருவர். அச்சுப் போடக் கைக்காசு செலவழித்த பெண் அவர். படம் கிடையாது, கதை கிடையாது. அளவும் செய்முறையும்தான். புதிதாகக் குடித்தனம் போட்ட ஒருவர், பக்கத்தில் பெரியவர்கள் இல்லாமல் ஒரு சாம்பாரைச் சரியாக வைக்க வேண்டும் என்றால் இதைவிட நம்பகமான துணை எனக்குத் தெரியாது. பக்குவத்தை நிறத்திலும் வாசத்திலும் சொல்வதால் விறகடுப்பு போய் இன்டக்‌ஷன் வந்த பிறகும் குறிப்புகள் பலிக்கின்றன. பழைய படி, ஆழாக்கு அளவுகள் உள்ள பதிப்பு கையில் இருந்தால் திணற வேண்டாம். ஒரே ஆழாக்கை எல்லாவற்றுக்கும் வைத்துக்கொண்டால் விகிதம் சரியாக வந்துவிடும். இது ஒரு வகைச் சமையல்தான், தமிழ்நாட்டுச் சமையல் முழுவதும் இல்லை. மீன்குழம்புக்கும் கோழிக்கும் வேறு புத்தகம் தேட வேண்டும்.

அடுத்தது 'க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி'. 1992-ல் முதல் பதிப்பு, 2008-ல் இரண்டாவது, 2020-ல் மூன்றாவது. அதை உருவாக்குவதிலேயே வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்ட எஸ். ராமகிருஷ்ணன் மூன்றாம் பதிப்பு வெளியான சில நாள்களிலேயே காலமானார். பள்ளிப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இது கட்டாயம் வேண்டும். ஒரு சொல்லை இன்றைக்கு எப்படி எழுதுகிறோம், எப்படிச் சேர்க்கிறோம் என்பதை எடுத்துக்காட்டு வாக்கியத்தோடு காட்டும் அகராதி. விலை அதிகம்தான். ஒரு குடும்பம் ஒருமுறை ஓட்டலில் சாப்பிடும் செலவோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

தொ. பரமசிவனின் 'அறியப்படாத தமிழக'த்தை இந்தப் பட்டியலில் சேர்ப்பதற்குத் தனிக் காரணம் இருக்கிறது. உப்பு, எண்ணெய், தேங்காய், உரல், உலக்கை என்று நம் வீட்டுச் சாமான்களை எடுத்துவைத்துக்கொண்டு, அவற்றின் வழியே சமூகத்தின் வரலாற்றைச் சொல்கிற சிறு நூல். இந்தக் கட்டுரையில் சொன்ன பாயையும் சட்டியையும் வாங்குகிறீர்களோ இல்லையோ, இதை வாங்கி வாசியுங்கள்.

கைவினையும் புத்தகமும் சேர்கிற இடம் சென்னையில் இருக்கிறது. தாரா புக்ஸ் பதிப்பகம் தன் நூல்களில் சிலவற்றைக் கையால் செய்த தாளில், ஒவ்வொரு நிறமாகப் பட்டுத்திரை அச்சில் கையாலேயே அச்சிட்டு, கையால் தைத்துக் கட்டுகிறது. கோண்டு ஓவியர்கள் மூவர் வரைந்த 'தி நைட் லைஃப் ஆஃப் ட்ரீஸ்' கறுப்புத் தாளில் அப்படி வந்தது. விரலால் தடவினால் மை மேடாகத் தட்டுப்படும். குழந்தை பிறந்த வீட்டுக்கு வெள்ளிக் கொலுசுக்குப் பதில் இதைக் கொடுக்கலாம் என்று சொல்வேன்.

ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சிக்குப் போகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். புத்தகத்தை நடுவில் விரித்து, மடிப்பின் உள்ளே நூல் தெரிகிறதா என்று பாருங்கள். தையல் போட்ட புத்தகம் எத்தனை முறை விரித்தாலும் தாங்கும். வெறும் பசையில் ஒட்டியது, சமையல் புத்தகம்போல அடுப்படிச் சூட்டில் விரித்துக் கிடந்தால், தாள் தாளாகக் கழன்றுவிடும். கழன்றாலும் தூக்கிப் போட வேண்டாம். நீதிமன்றம், கல்லூரி, அச்சகம் இருக்கிற எந்த ஊரிலும் பைண்டிங் செய்கிறவர் ஒருவர் இருப்பார். தாள்களை வரிசையாக அடுக்கிக் கொண்டுபோய், தையல் போட்டுக் காலிகோ ஒட்டித் தரச் சொல்லுங்கள். சமையல் புத்தகமாக இருந்தால், ஓரத்தை அதிகம் வெட்ட வேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்; வீட்டுக்காரர்கள் மாற்றி எழுதிவைத்த அளவுகள் எல்லாம் அந்த ஓரத்தில்தான் இருக்கும்.